வளைவுக்கு அப்பால் தெரியும் குரல்வளை

பொது மயக்கத்தின்போது தசைகளைத் தளர்த்தும் மருந்தும் செலுத்தப்பட்டால், நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாது. ஆரோக்கியமான ஒருவர் சாதாரணக் காற்றை மட்டும் சுவாசித்திருந்தால், நுரையீரலில் எஞ்சிய ஆக்சிஜன் ஓரிரு நிமிடங்களுக்கே போதும். முன்கூட்டியே முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்திருந்தால் ஏறக்குறைய 8 நிமிடம் வரை தாங்கும். கர்ப்பிணிகளுக்கும் பருமனானவர்களுக்கும் இந்த அவகாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். அதற்குள் மூச்சுக்குழாயில் டியூபைச் செருகியாக வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர் ராபர்ட் மக்கின்டோஷ் 1943இல் அறிமுகப்படுத்திய வளைந்த லாரிஞ்சோஸ்கோப் (வாய்வழியே குரல்வளையைப் பார்க்க உதவும் கருவி) இன்றும் புழக்கத்தில் உள்ளது. வாய்க்குள் நுழையும் தகடான அதன் அலகு நாக்கை ஒதுக்கி, நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பதிந்து மேலே தூக்குகிறது. ஆனால் மருத்துவரின் கண்ணுக்கும் குரல்நாணுக்கும் நடுவே நேர்க்கோடு அமைந்தால்தான் எதுவும் தென்படும். கழுத்து விறைத்தவர்களிடமும் தாடை சிறுத்தவர்களிடமும் அந்தக் கோடு அமைவதில்லை.

கனடாவின் அறுவை மருத்துவர் ஜான் பேசி 2001இல் உருவாக்கிய கிளைடுஸ்கோப், அந்த நேர்க்கோட்டின் தேவையையே நீக்கியது. ஏறத்தாழ 60 பாகை வளைந்த அலகில் பொருத்தப்பட்ட கேமரா, வளைவைத் தாண்டிய காட்சியைத் திரைக்கு அனுப்புகிறது. எனினும் பார்ப்பது எளிதாகிவிட்டதால் செருகுவதும் எளிதாகிவிடுவதில்லை என்பதே இதிலுள்ள சூட்சுமம். டியூபும் அதே வளைவில் செல்ல வேண்டியிருப்பதால், அதனுள் ஸ்டைலட் எனும் வளைந்த உலோகக் கம்பியை வைத்துச் செலுத்துகிறார்கள். குரல்நாணைத் தொட்டதும் ஸ்டைலட்டைச் சற்றே பின்னிழுக்காவிட்டால், டியூபின் நுனி மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டி நின்றுவிடும். திரையிலேயே கண்ணைப் பதித்திருந்தால், கேமராவுக்கு எட்டாத அண்ணத்தை டியூப் கிழித்துவிடவும் கூடும்.

திரும்பத் திரும்ப முயன்றால் திசுக்கள் வீங்கி, இரத்தம் கசிந்து, பாதை மேலும் அடைபடும். எனவே முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வழிகாட்டு நெறிகள் வரம்பு விதிக்கின்றன. அதன்பின் கைகொடுப்பது, மயக்கவியல் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1981இல் லண்டனில் உருவாக்கிய குரல்வளை முகமூடி. இது குரல்நாணைக் கடக்காமல் குரல்வளை வாயிலின்மேல் கவிந்து காற்றைச் செலுத்துகிறது. இரைப்பைத் திரவம் நுரையீரலுக்குள் போவதை டியூபைப் போல உறுதியாகத் தடுக்காது என்றாலும், ஆக்சிஜன் உள்ளே போகிறது. அந்த நெருக்கடியில் அதைவிட முக்கியமானது வேறில்லை.

அதுவும் பலிக்காமல், முகத்தின்மேல் வைக்கும் முகமூடியாலும் காற்றைச் செலுத்த இயலாமல் போனால், கழுத்தின் முன்புறம் தைராய்டு குருத்தெலும்புக்குக் கீழேயுள்ள சவ்வைக் கத்தியால் திறந்து, அதன் வழியே டியூபைச் செலுத்துகிறார்கள். சிக்கல் வரக்கூடும் என்று தோன்றும் நோயாளிகளுக்கு, மயக்கம் கொடுக்கும் முன்பே அந்த இடத்தைத் தடவிப் பார்த்துப் பேனாவால் குறித்து வைப்பதுண்டு.