குலுக்கும் என்று காத்திருக்காதீர்கள்

இந்த வாரம் இது மூன்றாவது கிலுகிலுப்பைப் பாம்புக் (ராட்டில்ஸ்னேக்) கடி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு ஆகஸ்டில் பாம்புக்கடி புதிதில்லை. ஆனால் மூன்று பேரும் ஒரே வசனத்தைச் சொன்னால் எரிச்சல் வராதா? "சத்தமே கேக்கலையே டாக்டர்!" மூன்றாமவர் நம்மவர், மகள் வீட்டுக்கு வந்திருந்தவர். ராத்திரி குப்பைத்தொட்டியை நகர்த்த, இருட்டில் அதன் பின்னால் கையை விட்டிருக்கிறார்.

கிலுகிலுப்பைப் பாம்பு வாலைக் குலுக்கிவிட்டுத்தான் கடிக்கும் என்பது சினிமா தந்த நம்பிக்கை. அதற்கு அப்படி ஒரு கடமையும் கிடையாது. சரளை மண்ணின் நிறத்திலேயே உடம்பு. சுருண்டு படுத்து, எலி தானாக வந்து சேரும்வரை மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சத்தம் போட்டால் எலி ஓடிவிடும், பருந்துக்கும் ரோட்ரன்னர் பறவைக்கும் இடம் தெரிந்துவிடும். கண்ணில் படாமல் கிடப்பதுதான் அதன் முதல் தற்காப்பு. ஆள் போகட்டும் என்று பேசாமல் படுத்திருக்கும். வேறு வழியில்லை என்றால்தான் வாலைக் குலுக்கும். நீங்கள் நேராக அதன் மேலேயே கையை வைத்தால் குலுக்க ஏது நேரம்?

குட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாம்பு குட்டி போடும்; இங்கே பெரும்பாலும் கோடையின் பிற்பகுதியில். பிறந்த குட்டியின் வாலில் இருப்பது பொத்தான் போல ஒரே ஒரு துண்டு. துண்டோடு துண்டு மோதினால்தானே ஒலி? ஆனால் விஷம் பிறந்த அன்றே உண்டு. ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் வாலில் ஒரு துண்டு கூடும், வருடத்தில் சில தடவை உரிக்கும், நுனித் துண்டுகள் உடைந்தும் போகும். (துண்டுகளை எண்ணி வயது சொல்லும் மாமாக்கள் கவனிக்க.)

"இந்த வெயில்ல பாம்பு எப்படி இருக்கும்?" என்று இன்னொரு கேள்வி. 45 டிகிரி வெயிலில் அதுவும் தாங்காது, செத்துவிடும். அதனால்தான் பகலெல்லாம் எலி வளையிலோ உங்கள் ஏசி யூனிட்டின் நிழலிலோ கிடந்துவிட்டு, நீங்கள் வாக்கிங் கிளம்பும் நேரத்தில் அதுவும் கிளம்புகிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழி எலியின் உடல்சூட்டை உணரும், வெளிச்சம் தேவையில்லை. மழை பெய்தால் தட்டையாகச் சுருண்டு, தன் முதுகில் தேங்கும் நீரையே குடிக்கும். வருடத்துக்குச் சில வேளைச் சாப்பாடு போதும். அரிசோனாவில் மட்டும் 13 வகை.

சரி, இருட்டினால் டார்ச் இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே காரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். விஷ ஆலோசனை மையத்தின் எண் 1-800-222-1222, இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். வீக்கம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. மொஹாவி என்ற கிலுகிலுப்பைப் பாம்பு வகையின் விஷம் பெரிதாக வீங்கவைக்காமலே நரம்பைத் தாக்கக்கூடும்.

கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். தயவுசெய்து பாம்பை அடித்துக் கொண்டுவராதீர்கள். எந்தக் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தாலும் நாங்கள் போடுவது ஒரே விஷமுறிவு மருந்துதான். வெட்டிய தலைகூடக் கடிக்கும். அதை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், பெற்றோரை வரவழைப்பவர்கள் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் வரவழைக்காதீர்கள். அந்த மருந்தின் ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கான டாலர் பில் வரும், ஒரு குப்பியோடு முடிவதும் இல்லை.

கையில் கடித்தால் வீங்குவதற்குள் மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றிவிடுங்கள். அந்தக் குப்பைத்தொட்டிப் பெரியவர் கைக்குட்டையை இறுகக் கட்டிக்கொண்டு வந்தார், மோதிரத்தை மறந்துவிட்டார். நாற்பது வருடம் கழற்றாத கல்யாண மோதிரமாம். வெட்டித்தான் எடுத்தோம்.