நினைவகம் தீரும்போது லாக்கே சர்வரை முடக்கும்

இரவு இரண்டு மணிக்குத் சிங்கப்பூர் தை செங் டேட்டா சென்டரிலிருந்து எங்கள் குழுத் தம்பி போன் செய்தார். "அண்ணே, சர்வர் உறைஞ்சு போச்சு, ஆனா கன்சோல்ல எழுத்து மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு." உறைந்ததற்குக் காரணமே அந்த ஓடும் எழுத்துதான், அதாவது லாக் (log): நடப்பதையெல்லாம் சர்வர் எழுதிவைக்கும் பதிவு.

நெட்வொர்க்கில் பாக்கெட் (தரவுத் துண்டு) வந்ததும் நெட்வொர்க் கார்டு இன்டரப்ட் கொடுக்கும், அதாவது கையிலிருக்கும் வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று சிபியுவிடம் சொல்லும். அந்த வேலைக்கு நடுவே லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தூங்க முடியாது, பழைய பக்கங்களை (நினைவகத்தின் 4 கேபி துண்டுகளை) டிஸ்க்கில் எழுதி இடம் காலியாகும்வரை காத்திருக்கவும் வழியில்லை. அதனால் ஜிஎஃப்பி அட்டாமிக் (GFP_ATOMIC) என்ற காத்திருக்காத முறையில் நினைவகம் கேட்கும்: இருந்தால் உடனே கொடு, இல்லையென்றால் இல்லை என்று சொல். இல்லை என்று பதில் வந்தாலும் பயப்பட வேண்டாம், பாக்கெட் விழும், பாக்கெட் சேர்ந்ததா என்று கண்காணிக்கும் டிசிபி திரும்ப அனுப்பும், அவ்வளவுதான்.

சிக்கல் அதற்கப்புறம். 'பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர்' (நினைவகப் பக்கம் கிடைக்கவில்லை) என்ற எச்சரிக்கையை, எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற ஸ்டாக் டிரேஸ் பட்டியலோடு கர்னல் நீளநீளமாக எழுதுகிறது. விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓடும் சீரியல் கன்சோலில் (எழுத்தை ஒவ்வொன்றாக அனுப்பும் பழைய வகை இணைப்பில்) விநாடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் போகும், ஆக 4,000 எழுத்துள்ள ஓர் எச்சரிக்கைக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு சிபியு அங்கேயே நிற்கும். பழைய கர்னல்கள் 5 விநாடிக்கு 10 எச்சரிக்கை வரை விட்டன, கணக்குப் போட்டால் அதில் மூன்றரை விநாடி எழுதவே போகிறது. 2019இல்தான் 10 விநாடிக்கு 1 என்று இறுக்கினார்கள். எங்களிடம் இருந்ததோ அதற்கு முந்தைய கர்னல்.

இன்னும் மோசம், நாங்கள் லாக்கை நெட்வொர்க் வழியாக வேறொரு சர்வருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். அனுப்பிய ஒவ்வொரு வரிக்கும் பதில் பாக்கெட் வரும், அதை வாங்க இன்டரப்டில் மறுபடி நினைவகம் கேட்கும், கிடைக்காது, புதிய எச்சரிக்கை, அதையும் அனுப்பு. சுற்று தானாக நிற்பதேயில்லை.

மிக மோசமான செய்தி மட்டும் கன்சோலுக்குப் போகும்படி, அதன் அளவை 'டிமெஸ்ஜி -n 1' (dmesg) என்ற கட்டளையால் குறைத்ததும் மெஷின் மூச்சுவிட்டது. அப்புறம்தான் லாக்கின் முதல் எச்சரிக்கையைத் தேடிப் படித்தோம், கடைசியில் இருப்பவை எல்லாம் அதன் எதிரொலி. அதில் 'ஆர்டர் 2' என்று இருந்தது, அதாவது அடுத்தடுத்த 4 பக்கம், 16 கேபி ஒரே துண்டாக வேண்டும். வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் ஒரு பாக்கெட்டில் 9000 பைட் வரை அனுப்பும் ஜம்போ ஃபிரேம் வைத்திருந்தோம், நினைவகமோ துண்டு துண்டாகக் கிடந்தது. மொத்தக் காலி இடத்தை மட்டும் பார்த்து "மெமரி இருக்கே" என்று விட்டுவிடாதீர்கள்.

ஃபிரேமை 1500க்கு இறக்கினோம், கர்னல் எப்போதும் காலியாக வைத்திருக்கும் நினைவகத்தின் அளவான விஎம் மின் ஃப்ரீ கேபைட்ஸை (vm.min_free_kbytes) உயர்த்தினோம். எங்கள் சொந்த டிரைவரில், எச்சரிக்கை எழுதாதே என்று சொல்லும் நோவார்ன் (__GFP_NOWARN) கொடி சேர்த்து, எச்சரிக்கைக்குப் பதிலாக, எத்தனை முறை நினைவகம் கிடைக்கவில்லை என்று எண்ணும் ஓர் எண்ணி வைத்தோம். இப்போது தம்பி காலையில் முதலில் பார்ப்பது அந்த எண்ணியைத்தான்.