கட்டைப் பிள்ளையா, வளராத பிள்ளையா?

"தகப்பனும் கட்டைதானே டொக்டர்!" திருகோணமலையில் என்னிடம் வரும் தாய்மாரில் பலர் இப்படித்தான் தொடங்குவார்கள். அநேகமாக அது சரியாகவும் இருக்கும். கட்டையான பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு எந்த நோயும் இல்லை. ஆனால் நான் கேட்பது, போன வருடம் எவ்வளவு உயரம் என்பதை. நாலு வயதிலிருந்து பருவமடையும்வரை வருடத்துக்கு 5, 6 சென்ரிமீற்றராவது கூடவேண்டும். நாலு சென்ரிமீற்றருக்கும் குறைந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். போன வருட யூனிபோம் இந்த வருடமும் அளவாயிருந்தால் காசு மிச்சம் என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே அளக்கலாம். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிக்கால் சுவரில் படும்படி நிற்கவிடுங்கள். தலையில் தடித்த புத்தகமொன்றை மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டுத் திகதியையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும். மாதாமாதம் அளந்தால் மனக்கவலைதான் மிச்சம்.

வளர்ச்சி ஹோர்மோனைச் சுரப்பது மூளையின் அடியிலுள்ள, கடலையளவான கபச்சுரப்பி. அந்த ஹோர்மோன் குறைந்த பிள்ளை மெலிந்திருக்க வேண்டுமென்றில்லை. கொழுகொழுவென்று, வயதுக்குச் சிறிய முகத்தோடு இருக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வளர்ச்சி நிற்பதோடு தலையிடியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் மூளையில் கட்டியாகவும் இருக்கலாம். அதற்குத் தவணை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தனியார் லாபில் ஹோர்மோன் அளவை ஒருமுறை பார்த்துவிட்டு ரிப்போர்ட்டோடு வருகிறவர்களும் உண்டு. வீண் செலவு. இந்த ஹோர்மோன் விட்டுவிட்டுத்தான் சுரக்கும், அதுவும் ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம். ஆகவே முதலில் தைரொய்ட், இரத்தச்சோகை, சிறுநீரகம் பார்ப்போம்; இடக்கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்போம். பெண்பிள்ளை என்றால் டேர்னர் நிலையையும் (பிறப்பிலேயே ஒரு X குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ இருப்பது) மறக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான், வெறும் வயிற்றில், ஹோர்மோனைச் சுரக்கவைக்கும் மருந்து கொடுத்துப் பலமுறை இரத்தம் எடுக்கும் தூண்டல் பரிசோதனை. குறைபாடு உறுதியானால் மூளைக்கு எம்ஆர்ஐ.

சிகிச்சை வளர்ச்சி ஹோர்மோன் ஊசிதான். வழக்கமாகத் தினமும் இரவில், தோலுக்கடியில், இடம் மாற்றி மாற்றி. 1985 வரை இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்தே இந்த ஹோர்மோனை எடுத்தார்கள். இப்போது ஆய்வுகூடத்தில் தயாராகிறது. முதல் வருடத்தில் 8, 10 சென்ரிமீற்றர் கூடுவது சாதாரணம், பிறகு வேகம் குறையும். நம்மூர் வெயிலில் மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைந்த மருந்தைப் போடவே வேண்டாம்.

எலும்பு நீளுகிற இடமான வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் இந்த ஊசியாலும் உயரம் கூடாது, ஃபேஸ்புக்கில் விற்கிற மாவாலும் கூடாது. ஊசி போடும் பிள்ளை நொண்டினாலோ, இடுப்பு, முழங்கால் நோகிறது என்றாலோ, கடும் தலையிடி வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் உடனே கூட்டி வாருங்கள்.