தன்னெதிர்ப்பொருள்: சொல்லும் சோதனையும்

சிங்கப்பூரில் கண் உறுத்தினால் அலுவலக ஏர்கானையும் கைப்பேசியையும்தான் முதலில் குறை சொல்வோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் உறுத்தல் மாதக்கணக்கில் நீடித்து, தண்ணீர் இல்லாமல் ரொட்டி விழுங்க முடியாத அளவுக்கு வாயும் வறண்டால், பலதுறை மருந்தக மருத்துவர் மூட்டுநோய் நிபுணரிடம் அனுப்பக்கூடும். அங்கே எடுக்கும் ரத்தச் சோதனையில்தான் ‘ஆட்டோஆன்டிபாடி’ தேடப்படுகிறது.

‘ஆட்டோ’ என்றால் கிரேக்கத்தில் ‘தன்’. ‘ஆன்டிபாடி’ என்பது நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம். அந்தச் சொல் ஜெர்மனியிலிருந்து வந்தது; 1891இல் ஜெர்மன் மருத்துவ அறிவியலாளர் பால் எர்லிக் அதன் மூலச்சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் ஆன்டிபாடிக்குப் ‘பிறபொருளெதிரி’, ‘எதிர்ப்பொருள்’ என இரண்டுமே புழங்குகின்றன. முன்னது அழகான சொல்: வெளியிலிருந்து நுழைந்ததை எதிர்ப்பது. ஆனால் தன் அணுக்களில் உள்ள புரதத்தையே எதிர்ப்பதை ‘தன் பிறபொருளெதிரி’ என்றால் தன்னும் பிறவும் முட்டிக்கொள்கின்றன. அதனால் ‘தன்னெதிர்ப்பொருள்’ என்பதே பொருத்தம் என்பேன்.

வறட்சி நோய்களில் முதன்மையானது ஷோக்ரென் நோய். சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் 1933இல் தம் ஆய்வேட்டில் இதை விவரித்தார். நோயெதிர்ப்பு அணுக்கள் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் புகுந்து அவற்றைக் கெடுக்கின்றன. இதில் தேடப்படும் தன்னெதிர்ப்பொருள்களின் பெயர்கள் ‘ரோ’, ‘லா’. நோயாளிகளின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகள் அவை. ‘ரோ’வை ‘எஸ்எஸ்ஏ’ என்றும், ‘லா’வை ‘எஸ்எஸ்பி’ என்றும் சோதனை அறிக்கையில் காணலாம்.

2016இல் வெளியான அமெரிக்க, ஐரோப்பிய வகைப்பாட்டில் ‘ரோ’ இருந்தால் 3 புள்ளி. ‘லா’வுக்குப் புள்ளி கிடையாது. ஷோக்ரென் நோய் என வகைப்படுத்த மொத்தம் 4 வேண்டும். அதாவது ரத்தம் மட்டும் போதாது. கீழிமையில் சிறு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். நனைவு 5 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் இன்னொரு புள்ளி. உதட்டின் உட்புறத்திலிருந்து சிறு சுரப்பித் துண்டெடுத்துப் பார்க்கும் சோதனையில் நோயின் அடையாளம் தெரிந்தால் அதற்கும் 3 புள்ளி உண்டு. இந்தப் புள்ளிக்கணக்கு முதலில் ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டது. அறிக்கையை வைத்து வீட்டிலேயே கூட்டிப் பார்க்க வேண்டாம்.

நோயெதிர்ப்பு அணுக்கள் தன் உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸிலும் ‘ரோ’ வரும், நோயறிகுறியே இல்லாதவர்களிடமும் இருக்கும். ‘ரோ’ இல்லாமலும் ஷோக்ரென் நோய் இருக்கலாம். ஆகவே இதை ‘நோய்ச்சுட்டி’ என்று அழைப்பதே நியாயம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ‘ரோ’ இருக்கும் பெண்கள் கருத்தரிக்க எண்ணினால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இது நஞ்சுக்கொடி வழியே கருவைச் சேர்ந்து, அரிதாகக் குழந்தையின் இதயத் துடிப்பை இயக்கும் மின்சமிக்ஞையைத் தடுக்கக்கூடும். முன்பே தெரிந்தால் துடிப்பைக் கண்காணிக்க ஏற்பாடு செய்வார்கள்.