உடைந்த பீங்கான் பல்லை வீட்டில் ஒட்டாதீர்கள்

போன வருடம் பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி ஹட்டனில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்தார். மேல்வரிசையில் முன்பற்கள் மூன்றைச் சேர்த்துக் கட்டிய பிரிட்ஜ். நடுப்பல்லின் பீங்கான் பெயர்ந்து, உள்ளே இருக்கும் உலோகம் கறுப்பாகத் தெரிந்தது. பெயர்ந்த துண்டைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"மகன் சுப்பர் குளூ வச்சு ரெண்டு தடவ ஒட்டுனாரு டொக்டர். ரெண்டு நாள் நின்னுச்சு, அப்புறம் சாப்பாட்டோட வந்துருச்சு. நீங்க நல்ல குளூவா வச்சு ஒட்டிக் குடுங்க."

அந்தத் துண்டை என்னால் பயன்படுத்த முடியவில்லை. பழைய பசையை எடுப்பதற்காக பிளேடால் சுரண்டியிருந்தார்கள், விளிம்பு பொருந்தவில்லை. சுரண்டாமல் அப்படியே கொண்டுவந்திருந்தால் அதே துண்டை முறைப்படி ஒட்டிப் பார்த்திருக்கலாம். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சுப்பர் குளூ வாயின் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். இறுகும்போது சூடாகும், ஈறில் பட்டால் புண்ணாகும். இறுகியபின் பீங்கானின்மேல் ஒரு தோல் போலப் படிந்துவிடும்; அதன்பிறகு நாங்கள் பூசும் எந்த மருந்தும் பீங்கானைத் தொடாது. இரவில் தூக்கத்தில் கழன்றால் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு.

சரி, நாங்கள் என்ன வைத்து ஒட்டுகிறோம்? பல்லின் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி அதில் பிசினை (ரெசின்) பிடிக்கவைக்கலாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர் 1955இல் காட்டினார். இன்று நாங்கள் செய்யும் பிசின் அடைப்புகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் அவர் பயன்படுத்திய பொஸ்போரிக் அமிலம் பீங்கானை ஒன்றும் செய்யாது. எண்ணெய்ப் பிசுக்கை, எச்சிலைத் துடைக்கும், அவ்வளவுதான். பீங்கானுக்குள் இருக்கும் கண்ணாடிப் பகுதியை அரிப்பதற்கு ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். அரித்த பீங்கானில் பிசின் உறுதியாகப் பிடிக்கிறது என்று சைமன்சன், கலாமியா இருவரும் 1983இல் அளந்து காட்டினார்கள்.

இந்த வேறுபாட்டை நான் பட்டுத்தான் உணர்ந்தேன். வேலைக்கு வந்த புதிதில், ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவின் முன்பல் கெப்பில் (பல்லை மூடும் பீங்கான் உறையில்) உடைந்த இடத்தைப் பொஸ்போரிக் அமிலம் பூசிக் கழுவி, வழக்கமான பொண்ட் என்ற ஒட்டுத் திரவத்தைத் தடவி, கொம்பொசிட் என்ற பல் நிறப் பிசின் அடைப்பை வைத்து அனுப்பினேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்று கிழமையில் முழுசாகக் கழன்று கையில் வந்தது. அன்று ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து மறுபடி வந்தார். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. படித்ததுதான், பேராதனையில் பரீட்சையும் எழுதியதுதான், ஆனாலும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

இப்போது செய்வது இது. முதலில் உடைந்த இடத்தின் பளபளப்பை வைரப் பர் என்ற சுழலும் முனையால் எடுத்துவிட்டு, வசதி இருந்தால் 50 மைக்ரோன் அலுமினாத் தூளைக் காற்றோடு பீய்ச்சிச் சொரசொரப்பாக்குவோம். பிறகு ஹைட்ரோபுளோரிக் அமில ஜெல். பழைய வகைப் பீங்கானுக்கு 9.5 சதவீத ஜெல்லை ஒரு நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை வைக்கலாம். லித்தியம் டைசிலிக்கேட் என்ற புதிய வகைப் பீங்கானுக்கு 5 சதவீத ஜெல் 20 செக்கன் போதும், கூடினால் பொருளே பலவீனமாகும். கழுவி உலர்த்தினால் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துத் தெரியும். அதன்மேல் சைலேன் என்ற திரவம். அதன் ஒரு முனை பீங்கானில் உள்ள சிலிக்காவைப் பிடிக்கும், மறுமுனை பிசினைப் பிடிக்கும். ஒரு நிமிடம் விட்டு, உலர்த்தி, பொண்ட் தடவி, கொம்பொசிட்டை அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக்க வேண்டும். சைலேன் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். ஒரே போத்தலில் வரும் வகை பால்போலக் கலங்கிவிட்டால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான், விலையைப் பார்த்து மனம் இரங்கக் கூடாது.

ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோலிலோ ஈறிலோ பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம். ஆனால் ஆழமாக இறங்கி உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு திசுவை அழிக்கும். ரப்பர் டாம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) கட்டாமல் இதை வாய்க்குள் கொண்டுபோகவே கூடாது என்பது என் முடிவு. அமிலம் பட்டால் பூசுவதற்குக் கல்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் டாம் கட்ட முடியாத நோயாளிக்கு அமிலத்தை விட்டுவிட்டு, அலுமினாத் தூளும் சைலேனுமாகச் செய்கிறேன். பிடிப்புச் சற்றுக் குறையும், பரவாயில்லை.

டீச்சரின் பல்லில் தெரிந்ததுபோல உலோகம் வெளியே வந்துவிட்டால் சைலேன் அதில் வேலை செய்யாது. அதற்கு எம்டிபி கலந்த பிரைமர் என்ற முதற்பூச்சு வேண்டும். ஜப்பானின் குராரே நிறுவனம் 1981இல் உருவாக்கிய மூலக்கூறு அது. உலோகத்தின் ஒக்சைட்டை நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் கறுப்பை மறைக்கும் ஒப்பேக்கர் பூசிய பிறகே பல் நிறக் கொம்பொசிட். சிர்கோனியா என்ற வெள்ளைப் பொருளில் செய்த கெப்புக்கும் எம்டிபிதான், ஏனென்றால் அதில் கண்ணாடி இல்லை. அமிலம் வைத்தாலும் அரிக்காது. ஆகவே கெப் கட்டும் நாளிலேயே அது எந்த வகை என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள். உடைந்து வரும்போது பார்த்த மாத்திரத்தில் சொல்வது எங்களுக்கும் எளிதல்ல.

மலையில் தொழில் செய்யும் இளம் டொக்டர்மாருக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில், காற்றடிக்கும் கொம்பிரசரின் தொட்டியில் தண்ணீர் சேரும். காலையில் அதைத் திறந்து வடிக்காவிட்டால், உலர்த்துகிறோம் என்று நினைத்து நனைத்துக்கொண்டிருப்போம். கண்ணாடியில் காற்றை அடித்துப் பாருங்கள், புள்ளி விழுந்தால் பொண்ட் பிடிக்காது.

பலர் "சூடான பிளேன்டீ குடிச்சேன், வெடிச்சிருச்சு" என்பார்கள். 900 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் வெந்த பொருள் தேநீருக்கு வெடிக்காது. பீங்கானும் உலோகமும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்காவிட்டால் உள்ளே இழுவை தங்கிவிடும். அமுக்கத்தைத் தாங்கும் பீங்கான் இழுவையைத் தாங்காது. அதோடு பாக்கைக் கடிப்பது, தூக்கத்தில் பல்லை நறநறப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு நாள் பெயரும்.

ஒட்டுப்போட்டது புதுக் கெப்புக்கு ஈடாகாது என்பதையும் டீச்சரிடம் சொன்னேன். கெப்பே ஆடினால், உள்ளே பல் சொத்தையானால், உலோகச் சட்டம் வெடித்திருந்தால், அல்லது அதே இடம் திரும்பத் திரும்ப உடைந்தால் ஒட்டிக்கொடுப்பது உங்கள் காசை வீணாக்குவது. அப்படிச் சிலரைப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். டீச்சரின் பிரிட்ஜ் உறுதியாக இருந்தது, ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிந்தது. கடி படும் இடத்தைக் காட்டும் நீலக் கடதாசியைக் கடிக்கச் சொல்லி, உயர்ந்திருந்த இடத்தைத் தேய்த்துவிட்டேன். பொங்கலுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

உங்களுக்கு உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து, தண்ணீரில் அலசி, சுரண்டாமல் ஒரு சிறு டப்பாவில் போடுங்கள். விளிம்பு நாக்கைக் கிழித்தால், வரும்வரை சீனியில்லாத சுவிங்கத்தை மென்று அதன்மேல் அப்பிக்கொள்ளலாம். தூங்கப் போகுமுன் எடுத்துவிடுங்கள். மஸ்கெலியா, நோர்வூட் பக்கமிருந்து வருகிறவர்கள் எந்த டொக்டரிடம் போனாலும் முதல் நாளே அழைத்து, பீங்கான் பல் உடைந்திருக்கிறது என்று சொல்லிவையுங்கள். பத்து நிமிட இடைவெளியில் செய்கிற வேலை இல்லை இது. சொல்லிவிட்டு வந்தால் உங்களுக்கென்று நேரம் ஒதுக்கி வைப்பார்கள்.