பாங்கின்ர சமூகப் பொறுப்பை ஆர் தீர்மானிக்கினம்?

யாழ்ப்பாணத்தில பாங்குகள் சமூகப் பொறுப்பு எண்டு செய்யிறது என்னெண்டு பாத்தால் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் கொப்பி, ரத்ததான முகாம், மரநடுகை, பின்னால ஒரு பெரிய பனர். நல்ல வேலைதான், ஆனா பாங்க் சனத்தின்ர வாழ்க்கையைத் தொடுற இடம் அது இல்லை, கடன் மேசையும் நகை அடைவு வைக்கிற கவுண்டரும்தான், வெள்ளம் வந்து வெங்காயம் அழுகின வருசத்தில அந்தக் கடனை எப்பிடி அறவிடுறது, சக்கர நாற்காலியில வாறவர் உள்ளுக்கு வர வழி இருக்கோ, இதுக்கெல்லாம் கொள்கை போடுறது மேல இருக்கிற பணிப்பாளர் சபை.

பாங்கில புழங்கிற காசில பெரும்பங்கு பங்குதாரரின்ர இல்லை, வைப்பு வைச்ச சனத்தின்ர. ஆனா பணிப்பாளரைத் தெரியிற வாக்கு பங்குதாரரிட்டத்தான் இருக்கு. அந்த இடைவெளிக்குத்தான் சுயாதீனப் பணிப்பாளர், அதாவது பாங்கில வேலையோ வேற நலனோ இல்லாமல் வெளியால இருந்து சபைக்கு வாற ஆள், தேவைப்படுறார். உள்ளுக்கு வேலை செய்யிற நிறைவேற்றுப் பணிப்பாளரின்ர போனஸ் கூடுதலா வருச லாபத்தோட கட்டியிருக்கும், அதால பத்து வருசம் கழிச்சுப் பலன் தாற விசயத்தில அவருக்கு அக்கறை குறையும், வெளியால வந்தவருக்கு அந்தக் கட்டு இல்லை, தன்ர பேர் கெடக்கூடாது எண்ட கவலைதான் கூட.

இலங்கை மத்திய வங்கி 2007 இல வர்த்தக வங்கியளுக்குப் போட்ட 11ஆம் இலக்கப் பணிப்புரையில சபைக்கு 7 இலிருந்து 13 பேர், அதில சுயாதீனமான ஆக்கள் 3 பேர் இல்லாட்டி மூண்டில ஒரு பங்கு, எது கூடவோ அது எண்டு இருந்தது. தலைவரும் பிரதம நிறைவேற்று அதிகாரியும் ஒரே ஆளா இருக்கேலாது எண்டதும் அதிலதான், என்னைக் கேட்டால் இதுதான் பெரிய விசயம், ஏனெண்டால் கூட்டத்தில எதைக் கதைக்கிறது எண்டதே தலைவரின்ர கையில, அவரே லாப இலக்குக்கும் பொறுப்பெண்டால் வெங்காயக் கடன் நிகழ்ச்சி நிரலுக்கே வராது.

பெண் பணிப்பாளர் விசயத்தில எண்ணிக்கைதான் முக்கியம். தனிய ஒருத்தர் இருந்தால் அவவை எல்லாரும் 'பெண்களின்ர பிரதிநிதி' எண்டுதான் பாக்கினம், மூண்டு பேர் ஆகேக்கதான் அவையள் கேக்கிற கேள்வி சாதாரண கேள்வியா மாறுது எண்டு 2006 இல அமெரிக்காவில பெண் பணிப்பாளரை நேர கண்டு கதைச்ச ஒரு ஆய்வு சொல்லிச்சு. பெண்கள் கூடின சபையள் சமூக வேலையும் கூடச் செய்யுது எண்டு கன ஆய்வு வந்திருக்கு. ஆனா இதில அவதானம் வேணும், பெரிய வசதியான பாங்க்தான் பெண்களையும் கூட நியமிக்கும், சமூகத்துக்கும் கூடச் செலவழிக்கும், எது எதால வந்தது எண்டு பிரிக்கிறது கஷ்டம். அதோட கன ஆய்வுகள் அளக்கிறது ஆண்டறிக்கையில எழுதினதை, ஊரில நடந்ததை இல்லை.

அந்த 2007 பணிப்புரை கணக்காய்வு, மனிதவளமும் சம்பளமும், நியமனம், இடர் முகாமை எண்டு நாலு குழு கேட்டது, சமூகப் பொறுப்புக்கு எண்டு ஒண்டு கேக்கேல்லை. இந்தியாவில 2013 கொம்பனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல பெரிய கொம்பனியளுக்கு அப்பிடி ஒரு குழுவைக் கட்டாயமாக்கி, மூண்டு வருசச் சராசரி லாபத்தில 2 வீதம் செலவழிக்கவும் சொல்லுது. எங்கட பாங்குகளின்ர ஆண்டறிக்கையைத் திறந்தால் கொப்பி குடுக்கிற படத்தை விட்டிட்டு, குழுக்களின்ர பட்டியலையும் ஆர் எத்தினை கூட்டத்துக்கு வந்தவை எண்ட அட்டவணையையும் பாருங்கோ, சமூகப் பொறுப்பு ஒரு குழுவின்ர வேலையா எழுதியிருக்கோ, இல்லாட்டி விளம்பரப் பிரிவின்ர வேலையா கிடக்கோ எண்டு அங்கதான் தெரியும்.