ஜோனிங் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"மண்டல ஒழுங்குமுறைகளைப் புதுப்பித்தலுக்கான பொதுக் கலந்தாய்வு." ஒரு நகரம் தன் ஜோனிங் விதிகளை மாற்றப் போகிறது, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்பதை யாராவது அவசரத்தில் மொழிபெயர்த்தால் இப்படித்தான் வந்து நிற்கும். எல்லாம் தமிழ் எழுத்துதான். ஆனால் பக்கத்துக் காலி மனையில் நாளைக்கு ஒரு பட்டறை வரலாமா கூடாதா, எதிர்வீடு இடிபட்டால் அங்கே எட்டு மாடி எழும்பலாமா என்பதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு என்று அதைப் படிக்கிற ஒருவருக்கும் புரியாது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம் பூசி, அந்தந்த நிறத்துக்கு இன்ன விதி என்று சட்டமாக எழுதி வைப்பதுதான் ஜோனிங். இந்த நிறத்தில் வீடு மட்டும், அந்த நிறத்தில் கடையும் அலுவலகமும், இன்னொன்றில் தொழிற்சாலை. கூடவே எவ்வளவு உயரம் போகலாம், மனையில் எத்தனை பங்கு கட்டலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதும் உண்டு. இதில் அடிக்கடி குழப்பம் வருவது, நிலம் யாருடையது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதில்தான். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும், அதில் என்ன செய்யலாம் என்பதை விதி சொல்லும். அப்புறம், வரைபடத்தில் வணிக நிறம் பூசிவிட்டார்கள் என்பதற்காக அங்கே கடை வந்தே தீர வேண்டும் என்றும் இல்லை, கட்டினால் இதற்குள் கட்டு என்பதோடு சரி. விதி மாறும்போது ஏற்கெனவே நடக்கிற பயன்பாட்டைப் பொதுவாக உடனே நிறுத்தச் சொல்வதில்லை. பழையது பழையபடி ஓடும், விரிவாக்கும்போதோ இடித்துக் கட்டும்போதோதான் புதிய விதி குறுக்கே வரும்.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ஜோனே என்றால் இடுப்பில் கட்டுகிற கச்சை. பூமி உருண்டையின் மேல் கச்சை கட்டியதுபோல ஐந்து பட்டைகளைக் கற்பனை செய்து நடுவில் வெப்பம், அதற்கு இருபுறமும் மிதம், இரண்டு நுனியிலும் குளிர் என்று பிரித்தார்கள் பழைய கிரேக்க அறிஞர்கள். அது லத்தீனில் ஜோனா ஆகி அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது. பள்ளிப் புவியியலில் நாம் படித்த வெப்ப மண்டலம், மித வெப்ப மண்டலம் எல்லாம் அந்தக் கச்சைகள்தான்.

மண்டலம் வடமொழிச் சொல், வட்டம் என்று பொருள். கச்சையும் சுற்றி வருவது, வட்டமும் சுற்றி வருவது, அதனால் புவியியலுக்கு அது பொருத்தமாகவே உட்கார்ந்துவிட்டது. இலங்கைத் தமிழில் இதே இடத்தில் வலயம் என்பார்கள்: கல்வி வலயம், உயர் பாதுகாப்பு வலயம். வலயமும் வடமொழிதான், ஆனால் அதன் முதல் பொருள் கைவளை. இடுப்பில் கட்டுவதற்கும் கையில் போடுவதற்கும் உள்ள தூரம்தான் இரண்டுக்கும் நடுவே, ஆக வேர் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் பரிசை இலங்கைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

எனக்கு வேர் முக்கியமாகப் படவில்லை. ஏன் என்பதற்கு இந்தச் சொல் நகரத்துக்குள் வந்த கதையைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரம், பிரான்ஸ் ஆடிக்கஸ் மேயராக இருந்தபோது 1891இல் நகரின் உட்பகுதிக்கு ஒரு கட்டட விதி, வெளிப்பகுதிக்கு வேறு விதி என்று பிரித்தது. பழைய ஊர் நடுவில், அதைச் சுற்றிப் புதிய ஊர் என்று பார்த்தால் கச்சை என்ற உருவம் அங்கே ஓரளவு சரியாகவே இருக்கிறது. அந்த எண்ணம் அமெரிக்காவுக்குப் போனதும் உருவம் மாறிவிட்டது. நியூயார்க்கில் 1915இல் ஈக்விட்டபிள் கட்டடம் 38 மாடி, தெரு ஓரத்திலிருந்து எங்கும் உள்வாங்காமல் நேர் செங்குத்தாக எழுந்து நின்று அக்கம்பக்கத்தின் வெளிச்சத்தையெல்லாம் மறைத்தது. ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த விவாதம் அதில் பற்றிக்கொள்ள, அடுத்த ஆண்டே, 1916இல், நகரம் முழுவதற்குமான ஜோனிங் விதி வந்தது. மேலே போகப் போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும், இந்தத் தெருவில் குடியிருப்பு, அந்தத் தெருவில் வணிகம், மற்றவற்றுக்குக் கட்டுப்பாடு இல்லை. தெருவுக்குத் தெரு, மனைக்கு மனை வேறுபடுகிற ஒட்டுப்போட்ட துணி மாதிரியான வரைபடம் அது. கச்சை அவிழ்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1926இல் ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்ற சிற்றூர் இப்படி நிறம் பூசியதை எதிர்த்து, 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு நில நிறுவனம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தொழுவத்தில் நிற்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் நிற்பதுபோல, சரியான பொருளே தவறான இடத்தில் இருந்தால் தொல்லைதான் என்று தீர்ப்பில் ஒரு வரி வரும். வீடு தனி, கடை தனி, ஆலை தனி என்று பிரிக்கும் முறைக்கு அந்த ஊர்ப் பெயராலேயே யூக்ளிடிய ஜோனிங் என்று பெயர் நிலைத்துவிட்டது. கணித மேதை யூக்ளிட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நேரடியாக ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஊருக்கு நில அளவையாளர்கள் அவர் பெயரைத்தான் வைத்தார்கள், ஆக சுற்றி வளைத்து அவரும் இதில் மாட்டிக்கொண்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பால்டிமோர் 1910இல் இன்ன தெருத்துண்டில் வெள்ளையர், இன்னதில் கறுப்பினத்தவர் என்று சட்டம் போட்டது. அதைப் பார்த்து வேறு நகரங்களும் போட்டன. லூயிவில் நகரத்துச் சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குப் பிறகு இனத்தின் பெயரைச் சொல்லாமல், மனை இத்தனை பெரிதாக இருக்க வேண்டும், ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான வீடு மட்டும்தான் என்று எழுதினால் காசில்லாதவர் தானாகவே வெளியே நிற்பார் என்பதைக் கண்டுகொண்டார்கள். இன்றைக்குப் பல நகரங்கள் விதியைத் திருத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒருவர் எழுந்து, பழைய சோழத் துறைமுகமான பூம்புகாரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று அப்போதே பிரித்துத்தானே வைத்திருந்தோம், நமக்கு ஜோனிங் புதிதா என்பார். இன்னொருவர் ஐந்திணையைக் கொண்டுவருவார். திணை, நிலம் எப்படி இருக்கிறது, அங்கே வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று சொல்கிறது. இங்கே இது கூடாது என்று அது யாருக்கும் உத்தரவு போடவில்லை. பாக்கங்களில் தொழில்களும் அங்காடிகளும் இடம் பிரிந்திருந்தது உண்மை, ஆனால் யார் எங்கே குடியிருப்பது என்ற பிரிவும் அதோடு பின்னிக் கிடந்தது. சோழர் கல்வெட்டுகளில் பறைச்சேரி, கம்மாணச்சேரி என்று வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆளை வைத்துப் பிரித்தது இன்னும் தெளிவாகும். அதை ஜோனிங்கின் முன்னோடி என்று பெருமையாகச் சொல்வதற்கு முன் பால்டிமோரை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, எந்தச் சொல்லைத்தான் எடுப்பது? மண்டலத்துக்கு வேலை ஏற்கெனவே அதிகம். ரயில்வேக்கு ஒரு மண்டலம், மாநகராட்சி நிர்வாகத்துக்கு ஒரு மண்டலம், உடம்புக்குள் நரம்பு மண்டலம், சித்த மருந்து சாப்பிட 48 நாள் ஒரு மண்டலம். மாநகராட்சி விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து: "மண்டல விதிகளில் மாற்றம்" என்று படிப்பவர், நமக்கான அலுவலகம் வேறு இடத்துக்குப் போகிறது போல என்று நினைத்துக்கொண்டு தாளை மடித்துவிடுவார். நில வகைப்பாடு என்றும் சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என்று வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருப்பதும் நில வகைப்பாடுதான், இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

மனை வாங்கி விற்பவர்கள் வாயில் புழங்குவது நில உபயோக மாற்றம். அலுவலகத்திலும் அதுதான் புழக்கம், மக்களுக்கும் தெரியும். அந்த வழியிலேயே போகலாம் என்பது என் கட்சி. ஜோனிங் என்பதற்கு நிலப்பயன் பகுப்பு. ஒரு ஜோனுக்குப் பயன் பகுதி: குடியிருப்புப் பகுதி, வணிகப் பகுதி, கலப்புப் பகுதி. ஒரு மனைக்காரர் தன் மனைக்கு மட்டும் கேட்டு வாங்குவது பயன் மாற்றம். நகரம் விதியையே திருத்துவது பகுப்புத் திருத்தம். இந்தக் கடைசி இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி இருப்பது பெரிய வசதி, ஏனென்றால் ஒன்று தனி ஒருவரின் விண்ணப்பம், மற்றது ஊரையே தொடுவது. பயன் என்று சொன்னால் உயரம், கட்டும் பரப்பு எல்லாம் அடங்குமா என்று கேட்பீர்கள். முழுசாக அடங்காது. எதற்குப் பயன்படுத்தலாம் என்பதோடு எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கும். மண்டலம் அந்தப் பாதியைக்கூடச் சொல்வதில்லை.

அறிவிப்பில் மிச்சமிருப்பது கலந்தாய்வு. கன்சல்டேஷன் என்பதற்கு அகராதிப்படி அது சரிதான், லத்தீன் மூலமும் ஆலோசனை கேட்பது என்ற பொருளில்தான் இருக்கிறது. ஆனால் கலந்து ஆய்வது என்றால் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். நடப்பது பெரும்பாலும் அப்படியில்லை. வரைவைத் தயாரித்த பிறகு கூட்டம் போடுகிறார்கள், ஆளுக்குச் சில நிமிடம் பேசவிட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார், அதில் கன்சல்டேஷன் கீழிருந்து நான்காவது படி, பெயரளவுப் பங்கேற்பு என்று அவர் ஒதுக்கிய பகுதிக்குள். நியூயார்க்கில் 2024 டிசம்பரில் நிறைவேறிய பெரிய ஜோனிங் திருத்தம் முதலில், வட்டாரத்துக்கு ஒன்றாக நகரில் இருக்கிற 59 சமூகக் குழுக்களின் பார்வைக்குப் போனது. பல குழுக்கள் எதிர்த்தன. ஆனால் அவற்றின் வாக்கு ஆலோசனை மட்டும்தான், கடைசியில் நகர மன்றம் 31க்கு 20 என்று முடிவு செய்தது.

ஆகவே இந்த இடத்தில் கருத்துக்கேட்பு என்பதே பொருத்தம், புழக்கத்திலும் இருக்கிறது. அதில் உள்ள கேள் என்ற வினைக்கு மூன்று பொருள். ஒன்று வினவுவது. இன்னொன்று காதில் வாங்குவது. மூன்றாவது, "சொன்னால் கேட்கவே மாட்டான்" என்று பிள்ளையைப் பற்றி அம்மா சொல்வாளே, அது. கூட்டம் நடத்துபவர் முதல் இரண்டு பொருளில் கேட்கிறார், வந்து உட்காருகிறவர் மூன்றாவதை எதிர்பார்க்கிறார், கூட்டம் முடிந்து இரண்டு பேரும் எரிச்சலோடு வீட்டுக்குப் போவதற்கு இந்த ஒரு வினைச்சொல் போதும்.

அந்த அறிவிப்பை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "நிலப்பயன் பகுப்புத் திருத்தம்: மக்கள் கருத்துக்கேட்பு. இந்த நகரில் எந்த இடத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்ற விதிகள் மாறப் போகின்றன. வரைபடத்தில் உங்கள் தெருவைப் பார்த்துவிட்டுக் கருத்தை எழுதித் தரலாம், நேரில் வந்தும் சொல்லலாம். எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை வெளியிடுவோம்." கடைசி வரியில் கையெழுத்துப் போட மேலதிகாரிக்கு மனம் வரவில்லை என்றால் அதை எடுத்துவிடலாம், ஆனால் அப்போது தலைப்பில் கருத்துக்கேட்பு என்பதை அடித்துவிட்டுக் கருத்துப் பெறுதல் என்று போட வேண்டியிருக்கும்.